சித்த நேரம் இருந்துட்டுப் போ

ஜூன் 5, 2025. வியாழன்

பாகூர் ஏரிக்கரை தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் கிடைத்ததும் ஹெட்போனை மாட்டி, தமிழ்க்குமரன் அனுப்பிய பாட்டைப் போட்டேன். கல்லூரி நூலகத்தில் என்னோடு வேலை பார்த்தவன். வேலையை விட்டுவிட்டு இப்போது டவுனில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய ஃபங்க், சோல் பாட்டுகளைப் புதிதாக வாசிக்கிறான். சனிக்கிழமைகளில் நான் பாடுகிறேன். வீட்டில் இது பாதிதான் தெரியும்.

இந்த முறை அமெரிக்கப் பாட்டு இல்லை. 'சித்த நேரம் இருந்துட்டுப் போ'. 1981, புதுச்சேரி. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு சொல்தா கொண்டுவந்த ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஆறு பேர் சேர்ந்து போட்ட ஒரே கேசட். கிளம்பப் பார்க்கிற காதலனை ஒருத்தி கேலியும் கெஞ்சலுமாக நிறுத்தி வைக்கிறாள். துள்ளும் பாஸ் கிதார். அவள் கூப்பிட்டால் ட்ரம்பெட் பதில் சொல்லும். "நம்ம ஊரு சோல் இது புவனா. யாருக்குமே தெரியாது. நாம திரும்பப் பண்ணணும்."

யாருக்கும் தெரியாதாம்! பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். இது எங்கள் சாவு வீட்டுப் பாட்டு.

பிணத்தை எடுப்பதற்கு முன்னால் குழாய் ஸ்பீக்கரில் போடுவார்கள். அந்தக் குரல் கரும்பைத் தாண்டி வரும்போது அடுப்படியில் இருப்பவர்கள் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்பார்கள். எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். கேசட் வந்த வருஷம் ஆற்றோடு போன ஒருவனுக்குப் பிடித்த பாட்டு என்று அவன் சாவில் போட்டார்களாம். அடுத்த சாவு வீட்டில், "அவனுக்குப் போட்ட, எங்கப்பனுக்குப் போட மாட்டியா?" என்று சண்டையாம். அப்படியே நாற்பத்து நான்கு வருஷம்.

சாயங்காலம் என்னையறியாமல் முணுமுணுத்திருக்கிறேன். அம்மா முறத்தோடு வெளியே வந்துவிட்டாள். "அடியே, இன்னா பாட்டுடி பாடற வூட்ல?"

"வெறும் பாட்டும்மா."

"வெறும் பாட்டுன்னா வேற பாட்ட பாடு. சாவ வூட்டுக்குக் கூப்புடாத."

ஜூன் 8, ஞாயிறு

பாடியவரைத் தேடி ஏம்பலம் போனோம். ஆரோக்கியசெல்வி. அறுபத்தாறு வயது. உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்கு அதிர்ச்சி. அந்தக் குரலுக்கு ஓர் உடம்பு இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாதா கோயிலுக்குப் பின்தெருவில் கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

தமிழ்க்குமரன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தான். உரிமை, மரியாதை, உங்கள் பெயர்தான் முதலில் வரும், இப்படி. அவர் முடிக்க விடவில்லை. "எடுத்துக்கோங்க. யாரு பாடறது?"

"நான்."

பார்த்தார். முகத்தை இல்லை, கழுத்தை. "எந்த ஊரு நீ?"

"சோரியாங்குப்பம்."

"அப்ப தெரியுமே உனக்கு. தெரிஞ்சிமா பாடற?"

"எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் இல்லம்மா."

சிரித்தார். எல்லாப் பல்லும் இருக்கிறது.

மரியாதைக்காக அவருடைய பழைய குரலில் இரண்டு வரி அப்படியே வைப்பதாகத் தமிழ் சொன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. "வேணாம். ஒரு இழகூட வெக்காத. முழுசா இந்தப் பொண்ணே பாடட்டும்."

பஸ் ஏறும்வரை கூட வந்தார். என் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டார். அந்த வெயிலில் அவர் கன்னம் மண்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன். ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்?

ஜூன் 14, சனி

இந்த மாதிரிப் பாட்டுகளை மறுபடி பாடலாமா கூடாதா என்று தமிழிடம் ஒரு மணிநேரம் வாதம். வலியோடு பிறந்த பாட்டை வலி தெரியாதவன் எடுத்துப் பளபளப்பாக்கினால் அது திருட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். யாரும் பாடாமல் விட்டால் அது வெறும் பிளாஸ்டிக் நாடா என்று வேறு சிலர். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது, அதனால் எரிச்சல். அசலைப் பாடியவள் அந்த அறையில் எதிரே நின்ற யாரோ ஒருவனைப் பார்த்துப் பாடியிருப்பாள். நான் யாரைப் பார்த்துப் பாடுவேன்? அவளையா?

தமிழிடம் பதில் இருக்கிறது. "பொணத்துகிட்டேர்ந்து பாட்டை மீட்கிறோம். அது ஆடறதுக்குப் போட்ட பாட்டு."

மீட்பது. எனக்குப் பிடித்த சொல். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

பதிவு முடிந்தது. மூன்றாவது டேக்கில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடினோம். சத்தியமாக, ஒரு பயமும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெளியாகி ஒன்பது நாள். முன்பின் தெரியாதவர்கள் அதற்கு ஆடிக் காணொளி போடுகிறார்கள். ஏதோ ஒரு குளிர்நாட்டுச் சமையலறையில் ஒரு ஜோடி. மீட்டுவிட்டோம் போலிருக்கிறது. அம்மாவுக்குக் காட்டினேன். அவள் பாட்டை விட்டுவிட்டு அவர்கள் அடுப்பைப் பார்த்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

காலை பதினொன்று. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக அந்தக் குரல் வருகிற திசையிலிருந்து என் குரல் வந்தது.

கிழக்கே ஒரு குழாய், மேற்கே ஒரு குழாய் கட்டியிருந்தார்கள். கிழக்கில் நான் கூப்பிட்டேன். அரை நொடி தள்ளி மேற்கில் நானே பதில் சொன்னேன். ஆனால் முழுக்க நான் இல்லை. கனமாக, மெதுவாக, ஐம்பது வயதுக்காரி ஒருத்தி என் குரலைப் போட்டுக்கொண்டது போல. என் வாய் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கீழே அம்மா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு நிற்கிறாள். அவளும் கேட்கிறாள். மேலே பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்துச் சாவுக்கெல்லாம் மைக்செட் கட்டுவது வீரமணி அண்ணன். போன் செய்தேன்.

"பழசு ஒரே இரைச்சல், பாப்பா. தேஞ்சி போச்சி. உன்து கண்ணாடி மாரி கீது. வேகத்த மட்டும் கொஞ்சம் கொறச்சி வெச்சிக்கினேன். கேட்டியா? நல்லா கீதுல்ல?"

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் தாங்க்ஸ் சொன்னேன். ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 6, புதன்

மடுகரையில் ஒரு சாவு. ஏம்பலத்தில் இரண்டு. எங்கள் ஊரில் ஒன்று. எண்ணக் கூடாது என்று நினைக்கிறேன், எண்ணுகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டீக்கடை வாசலில் அய்யனார் தாத்தா கும்பிட்டார். "இன்னாம்மா, லிஸ்ட்டுல எம்பேரு கீதா? கரும்பு வெட்டற வரிக்கும் டைம் குடு." எல்லோரும் சிரித்தார்கள். நானும். பஸ்ஸில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு நிமிஷம் உற்றுக் கேட்டாள். பிறகு எழுந்து போய், இடம் இருந்தும், நின்றுகொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மஞ்சுளாவின் வளைகாப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து சினேகிதி. அவள் பூப்பு, நிச்சயம், கல்யாணம் எல்லாவற்றிலும் பாடியவள் நான். காலையிலேயே போன்.

"புவனா, வந்துடு. ஆனா பாடாதடி. எங்க மாமியாரு..."

"சரி. வந்து பேசிக்கினு இருக்கேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பேசவும் வேணாண்டி. ஏழாம் மாசம் கொழந்தைக்குக் காது கேக்குமாம்."

போனேன். வாயைத் திறக்காமல் வளையல் போட்டேன், சந்தனம் தடவினேன். மஞ்சுளா அழுதாள். என் குரல் என்னிடமிருந்து கழன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு மிச்சம் இந்த வாய்தான். இப்படியே போனால் நான் எந்த வீட்டில் பாடுவேன்? எந்த வீட்டில் பேசுவேன்?

எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் இல்லை என்று சொன்னேனே. எனக்கு இல்லாவிட்டால் என்ன. அவர்களுக்கு இருக்கிறது. நான் அவர்களோடுதான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அரைநாள் லீவு. தமிழிடம் சொல்லி அசல் கேசட்டை இரைச்சல் நீக்கிப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வீரமணி அண்ணன் கொட்டகைக்குப் போனேன். "இந்தாங்க, பழசு. சுத்தமா இருக்கு. என்னுதை எடுத்துடுங்க அண்ணா."

"ஜனங்களுக்கு உன்து பழகிடுச்சே பாப்பா."

"எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலண்ணா."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். கல்யாணம் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஆனால் அவருக்குப் புரிகிற காரணம் அதுதான். உடனே மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

ஏம்பலம் பக்கத்திலிருந்து பழைய குரல். துடைத்தபின் எவ்வளவு இளசாக இருக்கிறது. இருபத்திரண்டு வயது, என்னைவிடச் சின்னவள். இன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 3, புதன்

ஐந்தரை பஸ்ஸில் இறங்கினேன். நிழற்குடையில் ஆரோக்கியசெல்வி அம்மா. மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம். நல்ல புடவை, செருப்பு இல்லை.

"ஏம்மா திருப்பிக் குடுத்துட்ட?"

நான் என்னவோ உளறினேன். மஞ்சுளா, பஸ், அய்யனார் தாத்தா. தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஏற்கெனவே கேட்ட கதையைக் கேட்பது போல.

"எனக்கு நாப்பத்தி நாலு வருசம். ஒருத்தர் வூட்டு நல்லதுக்கும் போனதில்ல. உன் பாட்டு வந்தப்புறம் கோயில்ல கூப்ட்டாங்க. மாதா கொடியேத்தத்துக்குப் பாடனேன். மறுநாளு என் கொரலு குழாயில வந்திச்சி. ஞாயித்துக்கெழம பாட்டுப் பொஸ்தகத்த வாங்கி வெச்சிக்கினாங்க."

"மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது."

"அது இல்லம்மா. அது பழகிடுச்சி." ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் செத்தா வீரமணி இன்னா போடுவான்? அதத்தான? நானே பொணமா கெடந்துக்கினு, நானே எனக்கு 'சித்த நேரம் இரு'ன்னு கத்தணுமா? அத நெனச்சி நெனச்சி, கண்ண மூடனா என் கொரலே கூப்புடுது. எனக்கு யாரும் இல்ல. இன்னொரு வாயி கூப்புட்டா போதும். நீ கெடச்சன்னு இருந்தேன்."

அப்போது ஏம்பலம் பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

அன்று என் கையை ஒற்றிக்கொண்டது நன்றிக்கா? அல்லது எதையோ என் கையில் வைத்தாரா? கோபம்தான் வந்தது முதலில். தெரிந்தேதானே என் தலையில் கட்டினார். தெரிந்தேதானே நானும் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

அப்படியானால் நான் செத்தால் எனக்கு யார்?

செப்டம்பர் 7, ஞாயிறு

வீரமணி அண்ணன் கொட்டகையிலேயே மறுபடி பாடினேன். தமிழ்க்குமரன் ஆர்கனையும் பாஸ் கிதாரையும் கொண்டுவந்தான், முணுமுணுத்துக்கொண்டே. நான் கேட்டது ஒன்றுதான். இயந்திரம் என் குரலை மெதுவாக்கக் கூடாது, நானே மெதுவாகப் பாடுவேன்.

"எவ்ளோ மெதுவா?" என்றான் தமிழ்.

வீரமணி அண்ணன் எழுந்தார். ஒரு குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். "பொணத்தத் தூக்கினு நடக்கறவன் இந்த நடதாம்பா நடப்பான். இதுக்கு வை." தமிழ் அவர் காலைப் பார்த்துக்கொண்டே பாஸை வைத்தான். நான்காவது எட்டில் அது உட்கார்ந்தது. துள்ளல் போகவில்லை, அதுதான் ஆச்சரியம். உள்ளே இறங்கிவிட்டது.

யாரைப் பார்த்துப் பாடுவது என்ற சந்தேகம் இந்தமுறை வரவில்லை. ஏம்பலத்தில் கோழி விரட்டுகிற ஒருத்தியைப் பார்த்துப் பாடினேன். போகாதே என்று கூப்பிடவில்லை. ஆள் இருக்கிறேன் என்று மட்டும். ட்ரம்பெட் இல்லாததால் பதில் வரவேண்டிய இடங்களெல்லாம் காலியாக இருந்தன. அந்தக் காலியிடங்களில் கொட்டகைத் தகரம் லேசாக அதிர்ந்தது. மூன்று பேரும் கேட்டோம்.

"பழச இன்னா பண்றது?" என்றார் வீரமணி அண்ணன்.

"உங்ககிட்ட இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

மஞ்சுளாவுக்கு முன்கூட்டியே வலி வந்து பெண் குழந்தை. சின்னதாக இருந்தாலும் நன்றாக இருக்கிறதாம். படம் அனுப்பினாள். 'வா' என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. படத்தில் குழந்தையின் காதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான்காவது வீட்டுக் காசம்மாள் விடியற்காலையில் போய்விட்டார். அம்மாவோடு நானும் போனேன். என்னைப் பார்த்ததும் வாசலில் பேச்சு நின்றது. ஆண்கள் நாற்காலியை இழுத்து வழி விட்டார்கள், யாரும் சொல்லாமலே. உள்ளே பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

குளிப்பாட்டி முடித்ததும் குழாயில் பாட்டு தொடங்கியது. என் குரல், என் வேகத்தில். அம்மா என் பக்கத்தில் இருந்தாள். இந்தமுறை அவள் என்னைப் பார்த்தாள்.

காசம்மாளின் மகள் ராமாயி அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் கண்ணை ஓட்டி என்னைத் தேடிப் பிடித்தார். முகம் சுளிக்கவில்லை. தலைமாட்டில் கொஞ்சம் நகர்ந்து, பாயைத் தட்டி, எனக்கு இடம் விட்டார்.

போய் உட்கார்ந்தேன்.