ஆவாரஞ்செடிக்கு அடித்த மருந்து

அக்கா,

போகிக்குப் பரணை ஒழித்தபோது, பித்தளைக் குடத்துக்குப் பின்னாலிருந்து அந்த நீலத் தெளிப்பான் உருண்டு வந்தது. என் ரோஜாச் செடிகளுக்கு மருந்தடிக்க வைத்திருந்தது. நாலைந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான் அங்கே ஒளித்துவைத்தேன். ஆனாலும் மூடியைத் திருகியதும் அந்த வாடை குப்பென்று வந்தது. கூடவே உங்கள் முகமும் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கங்கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாகல் நகரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். என் பக்கம் பத்துத் தொட்டி ரோஜா. உங்கள் பக்கத்துக்கு நான் வைத்த பெயர் ‘காடு’. வீட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன குரோட்டன்ஸையெல்லாம் பிடுங்கிவிட்டு, சித்தையன்கோட்டையில் உங்கள் அண்ணன் வயல் வரப்பிலிருந்து ஆவாரை, நொச்சி, மணத்தக்காளி என்று கொண்டுவந்து நட்டீர்கள். ரோட்டோரத்தில் சும்மா கிடக்கிற செடியை யாராவது பஸ்ஸில் ஏற்றி வருவார்களா? “உங்க வீட்டுக்கு வரணும்னா அருவாளோடதான் வரணும்க்கா” என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். “வர்றவுக வரத்தான்டி செய்றாக” என்று கிளையைக் காட்டுவீர்கள். மணத்தக்காளிப் பழத்துக்குக் கொண்டைக்குருவி வந்திருக்கும், நொச்சிப் பூவுக்குத் தேன்சிட்டு வந்திருக்கும். என் ரோஜாவுக்கு ஒரு காக்காய்கூட வந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தை மாதம் நீங்கள் பழனிக்கு நடக்கக் கிளம்பினீர்கள். இருபது வருடமாக ஒரு தை தவறாத நடை. வருடம் முழுக்க முட்டி வலி என்று புலம்புகிற நீங்கள், பச்சைச் சேலையைக் கட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓடுவீர்கள். ஆவாரஞ்செடிக்குள் கொண்டைக்குருவி அப்போதுதான் மூன்று குஞ்சு பொரித்திருந்தது. சாவியைக் கையில் கொடுத்து, “தண்ணி மட்டும் ஊத்து புள்ள. புழுவத் தொட்டுராத. நமக்குத்தான் அது புழு, அதுகளுக்குச் சோறு” என்றீர்கள். “சரிக்கா, நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

மறுநாள் பார்த்தால் ஆவாரை இலையெல்லாம் பச்சைப் புழு. பாதிச் செடி சல்லடையாகக் கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? அக்கா திரும்பி வரும்போது செடி பளபளவென்று நிற்க வேண்டும், ‘இம்புட்டு அழகா வச்சிருக்கியே’ என்று என்னைச் சொல்ல வேண்டும். தெளிப்பானை எடுத்து வந்தேன். கூட்டின் மேல் பட்டுவிடக் கூடாதென்று ஒரு கையில் முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அடித்தேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்!

செத்த நேரத்தில் தாய்க்குருவி வந்தது. அதன் அலகில் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. அது குனிந்து ஊட்டியதை நான் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கையைத் தட்டி விரட்டினேன். அது பறந்து போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. இன்னொரு புழுவோடு வந்தது.

காலையில் மூன்றும் வாயைத் திறந்தபடி கிடந்தன. என் ரோஜாத் தொட்டி ஒன்றில் புதைத்தேன். செடியைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். கூட்டை நானே பிய்த்துக் கீழே போட்டேன்.

நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். பாதமெல்லாம் கொப்புளம். பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் வைத்துவிட்டு முதலில் கேட்டது, “குஞ்சு பறந்துருச்சா புள்ள?” என்றுதான்.

“பூனை தூக்கிட்டுப் போயிருச்சுக்கா.”

என் வாய்க்கு என்றைக்குமே தாழ்ப்பாள் கிடையாது. பொய்க்குக்கூட அது யோசிக்கவில்லை.

நீங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். “நான் வீட்ல இருந்திருந்தா பூனை கிட்ட வந்திருக்குமா? குஞ்சுகள விட்டுட்டு என்ன பெரிய நடை நடந்தேன்” என்று உங்களைத்தான் திட்டிக்கொண்டீர்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் “பாவம், நாலு நாளும் இவதான் தண்ணி ஊத்துனா” என்று வேறு சொன்னீர்கள். தினமும் பால் ஊற்றி வளர்த்த மஞ்சப் பூனையை விளக்குமாற்றால் விரட்டினீர்கள். அது என்ன செய்தது என்று தெரியாமல் சுவர் மேல் நின்று விழித்தது. நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த தையில் உங்களோடு நடக்கும் பூக்கார அக்கா வந்து கூப்பிட்டார். “குஞ்சு பொரிக்கிற நேரம். முருகன் கோவிச்சுக்க மாட்டான், நீ போய்ட்டு வா” என்று அனுப்பிவிட்டீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம்தான். எந்த வாயால் சொல்வேன்? அந்த வருடம் போகவில்லை. அதற்கடுத்த இரண்டு வருடமும் போகவில்லை. வாசலில் நின்று நடப்பவர்களுக்கு மோர் ஊற்றினீர்கள். கூட்டம் அரோகரா சொல்லித் திரும்பி மறையும்வரை அதே இடத்தில் நிற்பீர்கள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் கால் நடந்திருக்கும். நீங்கள் என்னை வெறுத்துவிடுவீர்களோ என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்துக்காக உங்கள் மூன்று தையைத் தின்றுவிட்டேன்.

காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது உங்கள் மகள் ஒரு சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னாளபட்டிப் பச்சைச் சேலை, மடிப்புக் கலையாதது. “அடுத்த வருசம் நடக்கணும்னு எடுத்தது சித்தி. வருசா வருசம் எடுத்துப் பாத்துட்டு திரும்ப வச்சிரும். அம்மாவுக்கு நீங்கன்னா உயிரு, நீங்களே வச்சுக்கங்க” என்றாள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

உங்கள் ஆவாரை விதை இப்போது என் பக்கம் செடியாக நிற்கிறது. ரோஜாவெல்லாம் போயிற்று. இலையைப் புழு தின்கிறது, தின்னட்டும். உள்ளே கொண்டைக்குருவி அடைகாக்கிறது.

இன்று காலை உங்கள் கூட்டம் இந்த வழியாக நடந்தது. நான் மோர் ஊற்றினேன். பூக்கார அக்கா நின்று, “அவதான் வராமயே போயிட்டா. அவ சேலையக் கட்டிக்கிட்டு நீயாச்சும் வாயேன்” என்றார்.

“கூட்டுல முட்டை இருக்குக்கா, வரலை” என்றேன்.

“அடியாத்தி, அவ பேசுற மாதிரியே இருக்கு!” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். கூசிப்போய் நின்றேன். அவர்கள் போனதும் உள்ளே வந்து பீரோவைத் திறந்தேன். சேலை அப்படியே இருக்கிறது. இதைக் கட்டிக்கொண்டு நீங்கள் நடந்திருக்க வேண்டும் அக்கா. பூனை எதுவும் வரவில்லை.