அக்கா கடித்த பீர்க்கங்காய்

கீரைத்தண்டைக்கூட இரண்டு கொதி கூடுதலாக விட்டே இறக்கிய என் அக்காவுக்கு,

தனம் எழுதுகிறேன். உன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து, உனக்கு ஓரகத்தியாகி, பதினாறு வருஷம் உன்னோடு ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டவள். வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் படையலுக்குச் சாமான் எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். முதல் வரியில் பீர்க்கங்காய் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பட்டியல் எங்கே போகிறது, முதலில் உன்னோடு பேசிவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் வீட்டுக்காரர் வேளைக்குச் சாப்பிடுகிறார். உப்பு குறைந்தால் என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அத்தையிடம் சொல்லி அனுப்புகிறார். கொல்லைப் பந்தலில் கொடி ஏறிவிட்டது, பிஞ்சு விட்டிருக்கிறது. நம் மாமியாருக்கு மீதியிருந்த இரண்டு பல்லும் போன ஆனியில் விழுந்துவிட்டன. பல் போனாலும் சொல் போகவில்லை.

உன் மகள் செல்வி மணவாள நகரில் தன் வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்கியிருக்கிறாள். அடுப்பில் வைத்து மூன்று விசில் விட்டால் போதும், எந்தக் காயும் இன்ன காய் என்று அடையாளம் தெரியாமல் குழைந்துவிடுகிறது. நீ ஒரு மணி நேரம் கிண்டி வேர்த்து விறுவிறுத்துச் சாதித்ததை அது பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. நீ இருந்திருந்தால் அந்தக் குக்கருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருப்பாய்.

இன்னொரு சேதி கேள். உன் கொழுந்தன் இப்போது கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மீஞ்சூரில் காலை ரயிலைப் பிடித்தால் சாயங்காலம்தான் வீடு. அங்கே கேன்டீனில் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பச்சையாகவே வட்டம் வட்டமாக அரிந்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கிறார்களாம். அதற்குப் பெயர் சாலடாம். உடம்புக்கு ரொம்ப நல்லது என்று ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல வந்து சொல்கிறார். கல்யாணமான புதிதில் என்னை வெள்ளாடு என்று கூப்பிட்ட மனுஷன்! நான் தின்றால் மேய்ச்சல், கேன்டீன்காரன் போட்டால் சாலடா என்று கேட்டேன். மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் என்ன செய்வேன் அக்கா, பிறந்த இடம் அப்படி. ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்கள் நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் காய்கறித் தோட்டம். காய் பறிக்கப் போகிறவர்கள் பறித்துக்கொண்டே தின்போம். வெண்டைப் பிஞ்சு, கொத்தவரை, முள்ளங்கி, வெள்ளரி எதையும் விட்டதில்லை. அடுப்பில் ஏறியதும் காயின் ருசியில் பாதி ஆவியாகப் போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அறுபத்திரண்டில் இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு உன் கத்தரிக்காய்க் கூட்டைத் தட்டில் பார்த்து இது என்ன காய் என்று உன்னிடமே கேட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இரண்டு நாள் பேசவில்லை.

நீ பச்சைக் காயை வாயில் வைத்து நான் பார்த்ததேயில்லை. நான் ஒரு வெண்டைக்காயை நறுக்கென்று கடித்தால் உனக்கு உடம்பு சிலிர்க்கும். "வயித்துல பூச்சி வரும்டி" என்பாய். எனக்குச் சிரிப்பு வரும். உன்னைச் சீண்டுவதற்காகவே உன் காதருகில் வந்து கடித்திருக்கிறேன். உண்மைக் காரணம் தெரிந்திருந்தால் செய்திருப்பேனா?

அத்தையின் கோபம் வேறு மாதிரி. அவர்களுக்குப் பூச்சியைப் பற்றிக் கவலையில்லை, எச்சில்தான் பெரிய விஷயம். அரியும்போதே வாயில் போடுகிறவள் கைபட்ட சமையலை எந்தச் சாமிக்கு வைப்பது என்பார்கள். அதுவும் அமாவாசைப் படையல் என்றால் கேட்கவே வேண்டாம். இறந்தவர்களுக்கு வைத்து, காக்கை வந்து எடுக்கும்வரை நாக்கில் ஒரு பருக்கை படக்கூடாது. பட்டுவிட்டால் காக்கை வராது, செத்துப்போன நம் மாமனார் மாமா பசியோடு திரும்பிப் போய்விடுவார். இரண்டு தடவை என்னைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாம் தடவை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இவள் வாயில் எதையாவது பார்த்தால் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிடு, நாக்கு அடங்கிய பிறகு வரட்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். அம்மா சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

அதற்கு அடுத்து வந்தது ஆடி அமாவாசை. மாமாவுக்குப் பிடித்தது பீர்க்கங்காய்க் கூட்டு, அதனால் கொல்லைக் கொடியில் புதிதாகக் காய்த்ததையே பறித்து வந்தோம். சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நீ அடுப்பில் பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தாய். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து ஈரத்தலையோடு அரிவாள்மணையில் உட்கார்ந்தேன்.

பீர்க்கங்காய் எப்படிப்பட்டது என்று தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு கொடியில் தப்பித்தவறி ஒன்று கசந்துவிட்டால் பானை மொத்தமும் போச்சு, வெல்லம் போட்டாலும் தேறாது. நுனியை அரிந்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் பீர்க்கங்காயை அடுப்பில் ஏற்றியதே கிடையாது. என் கை பழக்கத்தில் செய்துவிட்டது அக்கா. சத்தியமாக நாள் கிழமை மறந்துபோச்சு. நுனி வாய்க்குள் போனதும் வேப்பங்காய்க் கசப்பு. தூவென்று துப்பினேன். நிமிர்ந்தால் வாசற்படியில் அத்தை.

அவர்கள் சத்தம் போடவில்லை. "பொட்டியக் கட்டு. உங்க நைனா ஊட்லயே போய் மேஞ்சிக்கினு இரு" என்றார்கள், அவ்வளவுதான். அப்போது என் பெரியவன் வயிற்றில் மூன்று மாசம், அது உனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நிலையில் எச்சில் பண்ணினவள் என்ற பேரோடு போய் இறங்கினால் நைனா தலைநிமிர்ந்து தெருவில் நடப்பாரா? ஒருதரம் அப்படி அனுப்பிவிட்டால் திரும்பக் கூப்பிட யார் வருவார்கள்?

நீ அடுப்பிலிருந்து எழுந்து வந்தாய். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாய். நான் துப்பிய அதே காயை எடுத்து, தோலோடு ஒரு கடி கடித்தாய். நான் கடித்ததுபோல நுனிப்பல்லில் இல்லை, வாய் கொள்ளாமல். மென்றாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் துப்பவில்லை, விழுங்கினாய்.

"கசக்குது அத்த. இவ பாக்கலன்னா மாமா எலையில இந்தக் கசப்பத்தான் வெச்சிருப்போம். இப்ப நானும்தான் எச்சில் பண்ணிட்டேன். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க."

அத்தை உன்னைப் பார்த்தார்கள். அந்தக் காயைப் பார்த்தார்கள். வீட்டுக்கு மூத்த மருமகள், பத்து வருஷமாக ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள். கடைசியில், "ரெண்டு பேரும் மறுபடி தலைக்கு ஊத்திக்கினு வந்து வேற உல வைங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களிடம், பருப்பு தீய்ந்துவிட்டது என்று சொன்னார்களாம். அன்றைக்குப் பூசணிக்காய்க் கூட்டுத்தான் மாமாவுக்கு. காக்கை தாமதமாக வந்தாலும் வந்தது.

கிணற்றடியில் இரண்டு பேரும் ஊற்றிக்கொண்டபோது நான் அழுதேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போதுதான் சொன்னாய். பழவேற்காட்டில் உனக்கு ஒரு தங்கை இருந்தாள். திருவிழாவில் நீதான் அவளுக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தாய். மறுநாள் வாந்திபேதி கண்டது, அதற்கு மறுநாள் அவள் இல்லை. அந்த வருஷம் ஊரெல்லாம் வாந்திபேதி, பிஞ்சால் வந்ததா தண்ணீரால் வந்ததா யார் கண்டது? ஆனால் அன்றிலிருந்து எதையும் வேகவைக்காமல் நீ யாருக்கும் கொடுத்ததில்லை, நீயும் தின்றதில்லை. அப்படிப்பட்டவள் எனக்காக அந்தக் கசப்பை விழுங்கினாய். அன்று முழுக்க ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் செல்வியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் ஒப்படைத்துக்கொண்டே இருந்தாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஏப்பம் வந்ததோடு சரி.

அதற்குப் பிறகு நீயும் நானும் சண்டை போடவில்லை என்று சொன்னால் மேலே இருந்து சிரிப்பாய். தினமும் போட்டோம். ஆனால் காய் அரிந்ததும் ஒரு கைப்பிடியை எடுத்து என் பக்கம் தனியாகத் தள்ளிவிட்டு, மீதியைத்தான் சட்டியில் போடுவாய். அத்தையும் மாறினார்கள், மாறியதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் நான் அரிவாள்மணையில் உட்கார்ந்ததும் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் போய்விடுவார்கள். மாடு விற்ற பிறகும் போனார்கள். நான் கசப்புப் பார்த்து முடிக்கிற நேரம் கணக்காகத் தெரியும் அவர்களுக்கு, இருமிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை அக்கா. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, கடைசி வாரத்தில், "ஒரு வெள்ளரிப் பிஞ்சு குடேன் தனம், நீ துன்ற மாதிரி" என்று கேட்டாய். வாழ்நாளெல்லாம் கேட்காததைக் கேட்டாய். எல்லாம் குழைய வேகவைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பயம். பிஞ்சைத் துருவி, கஞ்சியில் போட்டு வேகவைத்து ஊட்டினேன். நீ முழுக்கக் குடித்தாய். குடித்துவிட்டு, "நல்லா வெந்துருக்குது" என்றாய்.

பதினாறு வருஷத்தில் என் சமையலை நீ பாராட்டியது அந்த ஒரு தடவைதான். கேலியா, நிஜமா? தங்கையை நினைத்துக்கொண்டு கேட்டாயா, அல்லது பயம் விட்டுப்போய்க் கேட்டாயா? எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு பிஞ்சைக் கொடுத்திருக்கலாம் என்று சந்தைக்குப் போகும்போதெல்லாம் தோன்றுகிறது.

நேற்றுச் சாயங்காலம் அத்தை பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து உன் படையலைப் பற்றிப் பேசினார்கள். பீர்க்கங்காய் நம் கொடியிலேயே இருக்கிறது, அதையே வைத்துவிடலாம் என்றேன். கைக்கெட்டிய ஒரு பிஞ்சைத் தடவிப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கெழம நான் கொட்டகைக்குப் போவலம்மா. காய் அரியறப்ப எனக்கும் ஒரு துண்டு குடு. பல்லு இல்லன்னா இன்னா, நாக்கு இருக்குதில்ல. அவளுக்குக் கசப்பு போவக்கூடாது."

இவ்வளவு வருஷம் பார்க்காததுபோல இருந்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆகவே வெள்ளிக்கிழமை தைரியமாக வா அக்கா. நானும் அத்தையும் இரண்டு நாக்கால் பார்த்த பீர்க்கங்காய்தான் சட்டியில் ஏறும். கூட்டை உனக்குப் பிடித்த மாதிரி, பருப்பு எது காய் எது என்று தெரியாமல் குழைத்தே வைக்கிறேன், அதற்காகச் செல்வியைக் குக்கரோடு வரச் சொல்லியிருக்கிறேன். இலை ஓரத்தில் உப்புத் தொட்டு ஒரு வெள்ளரிப் பிஞ்சு இருக்கும். நன்றாகக் கழுவி, நுனியை நான் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். இந்தத் தடவை வேகவைக்க மாட்டேன்.

உன் கையால் தள்ளிவிட்ட பச்சைக் காயைத் தின்று வளர்ந்த ஓரகத்தி,
உனக்குத் தங்கையாகவே ஆகிவிட்ட
தனம்