யோசேப்பைப் பாதியில் நிறுத்த முடியாது

14 நவம்பர் 1997, வெள்ளி

குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் இன்று பக்கத்து வீட்டுப் போனில் பேசினார். தஞ்சாவூரில் நானும் அங்கே அவரும் தினமும் பைபிளில் ஒரே அதிகாரம் வாசிப்பது என்று போன லீவில் பேசிக்கொண்டோம். ஜெபத்துக்கு உட்கார்ந்தாலே கொட்டாவி விடுகிற மனுஷர். ஒரு வாரம் தாண்டாது என்று நினைத்திருந்தேன்.

"நீ எதுல இருக்க?" என்றார்.

காலையில் உலை கொதிப்பதற்குள் ஆதியாகமம் நாற்பத்துநாலை வாசித்திருந்தேன். சொன்னேன்.

"கோவிச்சுக்காத. நான் யோசேப்பு கதைய முடிச்சுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "சேர்ந்து படிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் என்ன பண்றது? ரூமுல சத்தமாப் படிக்கச் சொல்றாங்க. நன்னிலத்து முருகையன் நிறுத்தவே விடல. 'நான்தான் உங்க தம்பின்னு யோசேப்பு அண்ணன்மாருகிட்ட சொன்னானா இல்லையா, அதச் சொல்லிட்டுப் படுங்க'ன்னு உக்காந்துட்டாரு. படிச்சதும் அழுதுட்டாரு. அவரும் தம்பியும் பேசி ரொம்ப நாளாச்சாம். விடிஞ்சதும் ஊருக்குப் போன் போட்டாரு."

"தம்பி பேசினாராமா?"

"பேசினாராம். ரெண்டு பேரும் மழையப் பத்தியே பேசிட்டு வச்சுட்டாங்களாம்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஆதியாகமத்தை முடிக்கும்வரை அடுத்த புத்தகமான யாத்திராகமத்தைத் தொடமாட்டாராம். முருகையன் வந்து கேட்டாலும் தொடமாட்டாராம்.

மீதி அதிகாரங்களை இன்றே வாசித்து முடித்துவிட்டேன். யோசேப்பு அழுத இடத்தில் முருகையன் முகத்தை நினைத்துக்கொண்டேன். எப்படி இருப்பார் என்று தெரியாது.

எப்போது வருவீர்கள் என்று இன்று நான் கேட்கவில்லை. அது விளக்கை அணைக்கப் போகும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது.