மரநாய் நோட்டு

ஓடைப்பட்டி,
12.10.2025

அன்புள்ள பாஜிலாவுக்கு,

இங்கு நலம். உன் நலத்தைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை. உன்னிடம் படிக்க வந்த என் மகள் வைகை அனுப்பும் எல்லாப் படங்களிலும் நீ இருக்கிறாய்.

ஏன் கடிதம் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ அடுத்த நிமிடமே பதில் போடுவாய். தபால் என்றால் நமக்கு நடுவில் பதினைந்து நாளாவது இருக்கும். அது எனக்கு வசதி.

போன ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் சொட்டு மருந்து தீர்ந்திருந்தது, வாங்கிக் கொடுத்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "வாத்தா சம்முகம், ஒம் மக நல்லாருக்காளாம்" என்று எனக்கே செய்தி சொன்னார். பிறகு, "எம் மக போன் போட்டா அரைமணி நேரம் ஒம் மக புராணந்தேன் பாடுறா. நான் இருக்கனா செத்தனான்னு கேக்க அவளுக்கு நேரமில்ல. எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றார். எனக்கும்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வைகை செப்டம்பரில் ஐந்து நாள் காய்ச்சலாகக் கிடந்ததை, அது போய் ஒரு வாரம் கழித்து, உன் மின்னஞ்சலில்தான் தெரிந்துகொண்டேன். நீ நோன்புக் கஞ்சி வைத்துக் கொடுத்தாயாம். இரண்டு கிண்ணம் குடித்தாளாம். என் வீட்டில் கஞ்சி என்றால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவள். நல்லது. நீ பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன். அவள் உன் பின்னால் ஓடிவரும் ஒரு வீடியோவில், உன்னை 'பாஜிலாம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டேன். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

என்னிடம் அவள் எழுதுவதெல்லாம் தனுக்கியைப் பற்றித்தான். இங்கே யாராவது உங்கள் மகள் வெளிநாட்டில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் ரக்கூன் நாய் என்று சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. அது ரக்கூனும் இல்லை, நாம் நினைக்கிற நாயும் இல்லை, நாய்க் குடும்பத்தில் நரிக்குப் பக்கத்துச் சொந்தம் என்று விளக்கினால் இன்னும் மோசம். படத்தை நம் சுருளியாண்டியிடம் காட்டினேன். அன்று நம்மோடு தோட்டத்தில் அலைந்தவர், இன்றும் இங்கேதான் வேலை செய்கிறார். உற்றுப் பார்த்துவிட்டு, "இது மரநாயில்ல? மூஞ்சியில கரியப் பூசி, வால்ல பாதிய வெட்டிப்புட்டாக" என்றார். பக்கத்து வீட்டு ஜக்கம்மா விடவில்லை. "ஏத்தா, ஒம் மக அங்கன நாய்ப் பீயைக் கிளறிக்கிட்டு இருக்காளாமே, இதுக்கா இம்புட்டுப் படிச்சா?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் படித்தேன் என்றேன்.

ஆண் தனுக்கி ஒரே பெண்ணோடு வாழும், பெண் இரை தேடப் போகும்போது குட்டிகளுக்குக் காவல் இருக்கும் என்று வைகை எழுதியதை வாசித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "அங்கன ஆம்பளைக ரொம்ப நல்லவுக போல" என்று சொல்லிவிட்டு மருந்தடிக்கப் போய்விட்டார். குளிர் வருமுன் தின்று கொழுத்துப் பொந்தில் சுருண்டு கிடக்குமாம், நாய்க் குடும்பத்தில் வேறெதுவும் அப்படிச் செய்யாது என்று உற்சாகமாக எழுதுகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று பதில் எழுத வருகிறது, எழுதுவதில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் கடை வாசலில் தொப்பி போட்ட தனுக்கிப் பொம்மையை நிறுத்தி வைத்து, திராட்சைத் தோட்டத்துக்குள் உயிரோடு வந்தால் மின்வேலி போடுகிறார்களாம். அது மட்டும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. சோவியத் காலத்தில் இதே இனத்தைத் தோலுக்காக ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போய் ஐரோப்பியப் பக்கம் விட்டார்கள். போன இடத்தில் நன்றாகவே வேரூன்றிவிட்டது, இன்று அங்கே அதை விரட்டுகிறார்கள். கொண்டுபோனவர்களை யாரும் கேட்பதில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1999இல் நாம் இங்கே செய்த மரநாய் ஆய்வின் நோட்டு வேண்டும், வைகையின் முதல் கட்டுரையில் தனுக்கியோடு ஒப்பிடலாம் என்று கேட்டிருந்தாய். மேற்கு வேலிக்குச் சிவப்பு, கிணற்றடிக்கு மஞ்சள் என்று பாசிமணிகளை வாழைப்பழத்துக்குள் திணித்து வைத்து, கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் மரநாய் போட்டுவிட்டுப் போவதைக் காலையில் கிளறி, எந்த நிற மணி எங்கிருந்து வந்தது என்று எழுதினோமே, அந்த நோட்டு. அது இப்போது இல்லை. போன மழையில் பீரோவுக்குப் பின்னால் கரையான் ஏறி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வருத்தப்படாதே. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

வைகையை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல். நீ சொன்னால் கேட்கிறாள்.

இப்படிக்கு,
சண்முகத்தாய்

&nbsp;

ஓடைப்பட்டி,
16.11.2025

அன்புள்ள பாஜிலாவுக்கு,

உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த தாள்களும் வந்தன. முதல் தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். என் கையெழுத்து, என் நோட்டு, ஓரத்தில் டீக் கறை. கரையான் தின்ற நோட்டு கலரில் என் மடியில் கிடந்தது. அங்கே வருவதற்கு முன்பே வைகை பீரோவைத் திறந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீ கரையானைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த வாய்ப்பையும் நீ கொடுக்கவில்லை. இருபத்தாறு வருடமாக உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான்.

படங்கள் கையில் இருந்தும் நோட்டைக் கேட்டது, என் சம்மதத்துக்காகவும் கட்டுரையில் என் பெயரைப் போடுவதற்காகவும் என்று எழுதியிருக்கிறாய். வைகை பெயர் முதலில், என் பெயர் நடுவில், உன் பெயர் கடைசியில். பெருந்தன்மை என்று வேறொருத்தி நினைத்துக்கொள்வாள். ஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பெயர்தான் பெரிய பெயர் என்பது எனக்கும் தெரியும்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய். தனுக்கிகள் குடும்பமாக ஒரே இடத்தில்தான் கழிக்கும், ஒன்று வந்து மோந்து பார்த்தே யார் வந்தார்கள், என்ன தின்றார்கள் என்று தெரிந்துகொள்ளும் என்று நீ மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வைகை குனிந்து முதலில் மோந்து பார்த்தாளாம். என்ன செய்கிறாய் என்று அவர்கள் முகம் சுளித்ததற்கு, "எங்கம்மா இப்படித்தான் செய்வாங்க. மொதல்ல மூக்கு, அப்பறம் குச்சி, அப்பறம் பேனா" என்றாளாம். தினமும் ஏதாவது ஒன்றுக்கு 'எங்கம்மா' வருகிறதாம். இதை நீ எனக்கு ஆறுதலாக எழுதியிருக்கிறாய். எனக்கு வந்தது ஆறுதல் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் உன்னிடம் சொல்கிறாள், நீ எனக்குச் சொல்கிறாய். என் பங்குக்குக் கிடைப்பதும் உன் கை வழியாகத்தான் வருகிறது.

சரி. இதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நீ தாள்களோடு வைத்திருந்த கட்டுரை நகலை மூன்று முறை படித்தேன். நான்காம் பத்தியில் வைகை ஒரு கண்டுபிடிப்பைச் சொல்கிறாள். ஓடைப்பட்டி மரநாய்கள் இரண்டு நாள் மேற்கு வேலிப் பழத்தையும் மூன்றாம் நாள் கிணற்றடிப் பழத்தையும் தின்கின்றன, பிறகு அதே சுற்று திரும்பத் தொடங்குகிறது, தனுக்கிகளிடம் இந்த ஒழுங்கு இல்லை என்கிறாள். கட்டுரையே அதன்மேல்தான் நிற்கிறது. அதற்கு ஆதாரம் 1999 பிப்ரவரி 8 முதல் 14 வரை நான் எழுதிய ஏழு நாள் பதிவு. நோட்டில் நாள் விடாமல் தொடர்ந்து இருப்பது அது ஒன்றுதான்.

பாஜிலா, அந்த ஏழு நாளும் பொய்.

அது நீ ஸ்காலர்ஷிப் நேர்காணலுக்கு டெல்லி போயிருந்த வாரம். எனக்கும் நேர்காணல் கார்டு வந்திருந்தது. உடம்பு சரியில்லை, நீ போய்விட்டு வா என்று சொல்லி அனுப்பினேன். வைகை வயிற்றில் வந்து ஏழு வாரம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் போகவில்லை. யார் மேலாவது பழி போட முடிந்திருந்தால் இத்தனை வருடம் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

எட்டாம் தேதி காலையில் பாறைக்குப் போனேன். அந்த வாடையில் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். சுருளியாண்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வீட்டுக்குப் போத்தா, நாத்தம் எங்கன போயிரும்" என்றார். போய்ப் படுத்தேன். மறுநாளும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. ரயிலில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து போவது மட்டும் கண்ணில் நின்றது. நீ திரும்பி வந்து நோட்டைக் கேட்டால் வெறும் பக்கத்தைக் காட்ட மனம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன். சிவப்பு மூன்று, சிவப்பு நான்கு, மஞ்சள் இரண்டு. கண்டபடி எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று ஓர் ஒழுங்கு வைத்து எழுதினேன். அந்த ஒழுங்கைத்தான் என் மகள் மரநாயின் குணம் என்று எழுதியிருக்கிறாள்.

அப்போதும் நீ கண்டுபிடிக்கவில்லை. இப்போதும் கண்டுபிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான்காம் பத்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உலகமெல்லாம் சுற்றி வந்து பேராசிரியையாக இருக்கிறவள் என் கட்டில் கணக்கில் ஏமாந்துபோனாளே என்று இருந்தது. மேலே வைகையின் பெயரைப் பார்த்த பிறகுதான் அது அடங்கியது. இது அச்சாகி, நாளை யாராவது ஓடைப்பட்டிக்கு வந்து மறுபடி செய்து பார்த்துவிட்டு இல்லையே என்று எழுதினால், அவளுடைய முதல் கட்டுரையே பொய் என்று ஆகிவிடும். கட்டுரையில் உன் பெயர் மட்டும் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நோட்டையே பதிவுத் தபாலில் இதோடு அனுப்புகிறேன். அந்த ஏழு நாளையும் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதி நாற்பத்தொரு நாளும் சரியானவை. ஒவ்வொன்றையும் குனிந்து, மோந்து, கிளறி எழுதினேன். பாதியை நீயே பார்த்திருக்கிறாய். அதில் எந்த ஒழுங்கும் இல்லை. மரநாய் தனக்குத் தோன்றிய இடத்தில்தான் தின்றது. தனுக்கியும் அப்படித்தான் என்றால் கட்டுரையில் அதை எழுதுங்கள். சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் நிற்கும். என் பெயர் இருக்கலாமா கூடாதா என்பதை வைகை முடிவு செய்யட்டும், நீ செய்யாதே.

இதை அவளிடம் நீ சொல்ல வேண்டாம். நோட்டில் திருத்தம் இருக்கிறது, காரணத்தை உன் அம்மாவிடமே கேள் என்று மட்டும் சொல். போனிலும் சொல்லமாட்டேன். அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த ஏழு நாள், யாரால் அந்த வாந்தி என்று நான்தான் சொல்ல வேண்டும். இது ஒன்றாவது உன் வழியாக அவளுக்குப் போகாமல் இருக்கட்டும்.

தனுக்கிக் குட்டிகள் இலையுதிர் காலத்தில் தாயைப் பிரிந்து போகும் என்று எழுதியிருந்தாள். போனவை அப்படியே போய்விடுமா, சிலதாவது பழைய இடத்துக்கு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகுமா என்பதை எழுதவில்லை. அவளிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்தால் எழுது.

நேற்றும் உன் அம்மாவைப் பார்த்தேன். "பொங்கலுக்கு வாராளா, மாட்டாளா, ரெண்டுல ஒண்ண கேட்டுச் சொல்லுத்தா" என்றார். உன்னைத்தான் கேட்டார். நீயும் வர வேண்டும், அவர் பாவம். உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு இல்லை, ஒருவர்தான் வர முடியும் என்றால், நீ வா என்று எழுதுவதுதான் நியாயம். இந்த வரியை நான்கு முறை அடித்து எழுதிவிட்டேன், வரவில்லை.

வைகையை அனுப்பு, பாஜிலா.

உன் அம்மாவின் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நன்றாக இரு.

சண்முகத்தாய்