அண்ணனின் காலும் சூடானது

ராசா, என் விரல்களில் இன்னும் ஆசுப்பத்திரி மருந்து மணக்கிறது. கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, முகம்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் அண்ணனின் கால் தப்பிவிட்டது! நேற்று ஒப்பரேசன். இன்று காலை பாதத்தைத் தொட்டேன். சுடுகிறது, ராசா! பேக்கரிப் போறணை அடுப்பில் இருந்து எடுத்த பாண் மாதிரிச் சுடுகிறது! தம்பலகாமத்து வயல் தாண்டும்வரை பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் கால் குளிர்ந்து கிடந்த காலம் நினைவுக்கு வந்தது. கரைவலை இழுக்கப் போனால் கொஞ்சத் தூரத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கடலைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு நிற்பீர்கள். பிறகு மத்தியான மணலில் காலைப் புதைத்துச் சூடேற்றினீர்கள். நம் கரையில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தானே! மரத்துப்போன காலுக்கு வெந்ததும் தெரியவில்லை. பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆசுப்பத்திரிக்கு ஓடினோம்.

உங்கள் காலிலிருந்தே ஒரு இரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் போகப் புது வழி தைத்தார்கள். பார்க்க வந்த அண்ணன், "ஒட்டுப்போட்ட வலை எத்தினை நாளைக்கு மச்சான்?" என்று நக்கலடித்தார்.

"உன்ர வாய்க்கும் ஒரு தையல் போடச் சொல்லட்டே?" என்றீர்கள்.

அந்த ஒட்டு வருசக்கணக்காய் நின்றது. வாட்டு நர்ஸ் மிஸி காட்டித்தந்த இடத்தில், பாதத்தின் மேல் விரல் வைத்துக் காலையில் துடிப்புப் பார்ப்பேன்.

"என்ஜின் ஓடுதோ?" என்று கேட்பீர்கள்.

"ஓம், ஓடுது."

ஒருநாள் துடிப்பு மெலிந்திருந்தது. நோவில்லை, வர ஏலாது என்று அடம்பிடித்தீர்கள். இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சுருங்கிய இடத்தைச் சின்ன பலூனால் விரித்துவிட்டார்கள். திரும்பவும் வலை இழுத்தீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலிதான். குளிப்பாட்டும்போது பார்த்தேன், இரண்டு காலும் முழுசாக இருந்தன.

இதைத்தான் அண்ணனுக்குச் சொன்னேன். அதே அடைப்பு அவருக்கும் வந்ததும், "தைச்சாலும் திருப்பி அடைக்கும். வெட்டிவிடட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"வெட்டினா வலைக்கு எப்பிடிப் போவியள்? என்ர மனிசன் கடைசிமட்டும் ரெண்டு காலில நிண்டவர்!" என்று கத்தினேன். வாட்டே திரும்பிப் பார்த்தது.

"சரியடி, கத்தாத. செய்யட்டும்" என்றார்.

இன்று டொக்டர் வந்து பார்த்தார். "நல்லா ஓடுது ஐயா. நடக்கோணும், குளிசை மருந்தை விடக்கூடாது, கிளினிக்குக்கு வரோணும். பீடி பிடிச்சீங்களெண்டால் இதுவும் அடைச்சுப்போடும்."

அவர் போனதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, மற்றதெல்லாம் செய்வன். பீடியை மச்சான் எப்பிடியடி விட்டவன்?"

ஒப்பரேசனுக்குப் பிறகு உங்கள் சட்டையில் பீடி மணந்ததே இல்லை. அந்தச் சந்தோசத்தில் நானும் கேட்கவில்லை. துடிப்புப் பார்க்க என் விரலுக்குத் தெரியும். இனி அண்ணனுக்கும் பார்ப்பேன். இது மட்டும் தெரியாது. வலை வளைத்துவிட்டு எல்லாரும் பற்றவைத்துக்கொண்டு குந்தியிருக்கிற அந்தக் கரையில், நீங்கள் மட்டும் எப்படி ராசா விட்டீர்கள்?