யானைக்குப் பக்கத்தில் உங்கள் மீசை

வெண்பா அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? தேவலையாகத்தான் இருக்கும், இன்டர்நெட்டில் ஆர்குட் பக்கத்துப் படங்களில் நிமிர்ந்துதானே நிற்கிறீர்கள்.

நேற்று இந்தப் புனே பட்டறையில் எங்கள் சூப்பர்வைசர் ஜெயராஜ் சார் கம்ப்யூட்டரைக் காட்டி, "உங்க விருத்தாசலத்துல ஒருத்தரு பீங்கான் யானை செய்றாரு, தெரியுமா?" என்றார். பார்த்தால், நான் செய்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்த யானைகள். என் அச்சின் கோளாறால் இடது காது சிறுத்துப்போன அதே யானைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் மீசை. கீழே 'என் கைவண்ணம்' வேறு.

விளம்பரம் செய்யுங்கள் என்று சொன்னவள் நான்தான். உங்களை விளம்பரம் செய்யச் சொல்லவில்லை.

"யாரு அவரு?" என்று சார் கேட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக என் வாயில் வராத உங்கள் பெயர் நேற்றுத்தான் வந்தது.

"ராஜமாணிக்கம். எங்க வூட்டுக்காரரு. அவருக்கு மண்ணு பிசையக்கூடத் தெரியாது."

அந்தப் படங்களில் என் பெயரைப் போடுங்கள். நீங்கள் நகர்ந்துகொண்டு நம் வெண்பாவை யானையோடு நிற்க வையுங்கள். முன்பல் விழுந்துவிட்டதாமே, வாயைத் திறந்து சிரிக்கச் சொல்லுங்கள். தினமும் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கப்போகிறேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பொங்கலுக்குள் பெயர் மாறவில்லை என்றால், ஊருக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

யானை செய்தவள்,
சிவசங்கரி