அன்னமுத்து வடித்த மழை

என் அன்பான அன்னமுத்து,

இந்த மூன்று சொல்லையும் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விட்டது. பென்சிலை இரண்டு தரம் சீவினேன். ஆனால் பாரும், எழுதிவிட்டேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

நாற்பது வருடமாக உம்மை "இஞ்சரும்" என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட வெட்கம். இப்போது ஊர் பார்க்க உமது பெயரை எழுதுகிறேன். வெட்கம் இன்னும் போகவில்லை. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

உம்மோடு தனியே கதைப்பதானால் எனக்குக் கடிதம் தேவையில்லை. குசினி வாசலில் இருந்து தினமும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கிளிநொச்சி ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உம்மைப் பற்றி ஒரு கதை கிளம்பியது. அதைச் சொன்னவர்கள் எல்லோரும் பத்திரிகை வாசிக்கிறவர்கள். அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அவர்களும் கேட்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நீர் போய் இது இரண்டாவது மாரி. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது. கறுப்பி நாகு கன்று போட்டிருக்கிறது. நீர் நட்ட தேசி மரம் காய்த்துக் கொட்டுகிறது. ஊறுகாய் போடத்தான் ஆளில்லை.

இனி மற்றவர்களுக்கு விளங்கத் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். உமக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளும்.

நான் குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் அரசாங்க விடுதியின் காவல்காரன். அதோடு மூன்று ஏக்கர் வயல். ஒரு நாள் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். விடுதி வளவில் நாலு கம்பு நட்டு, அதன்மேல் ஒரு பெரிய வெள்ளைத் தட்டத்தை வைத்தார். அதில் விழும் மழையை மாதாமாதம் போத்தலில் நிரப்பி, விபரம் எழுதி ஒட்டி, ரயிலில் கொழும்புக்கு அனுப்பவேண்டும். வேறு எதுவும் கலக்கக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

"ஏன் தம்பி, கொழும்பிலை மழை பெய்யிறேல்லையோ?" என்று நீர் கேட்டீர்.

அவர் சிரித்துவிட்டுத் தூர தேசங்களின் கதையைச் சொன்னார். பெரிய நாடுகள் அணுகுண்டு செய்து ஆளில்லாத இடத்தில் வெடித்துப் பார்க்கின்றனவாம். புதிதாக யார் செய்கிறார், எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று அறிய உலகத்தில் பல இடங்களில் இப்படி மழை பிடிக்கிறார்களாம்.

"அவையள் வாய் திறந்து சொல்லமாட்டினம், அம்மா. ஆனால் மழை சொல்லிப்போடும்" என்றார். அடுத்தது சீனா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

நீர் யோசித்தீர். "எங்களுக்குக் கூப்பன் அரிசி தாற சீனாவோ? அரிசி தாறவன் குண்டும் செய்வானோ?"

"அதைத்தானம்மா பாக்கிறம்."

தாளில் மழை பிடிக்கிறவரின் பெயரும் எழுதவேண்டும். நீர் ஐந்தாம் வகுப்புப் படித்தவர், நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். அதனால் அவர் உம்மிடம்தான் என் பெயரைக் கேட்டார். நீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர். நான் சொல்லப் போனேன். அதற்குள் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி எழுதிக் கொடுத்தீர். "சொல்லத்தான் கூடாது. எழுதலாம்தானே" என்றீர்.

அதன்பிறகு மூன்று வருடம். நான் தட்டத்துத் தண்ணீரைக் கொண்டுவருவேன். நீர் குசினியில் வைத்துப் போத்தலில் நிரப்புவீர். தாளில் எழுதுவீர், அதையே ஒரு கொப்பியிலும் எழுதிவைப்பீர். நான் போத்தலை வைக்கோலில் பொதிந்து சைக்கிளில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவேன். ஊரார் என்னை மழை விக்கிறவர் என்று பகிடி பண்ணினார்கள். நீர் சொல்லுவீர், சீனாக்காரனை உளவு பார்க்க எங்கள் வளவு மழைதான் அவர்களுக்குக் கிடைத்ததாக்கும் என்று.

பிறகு அந்த மாரி வந்தது. சீனா குண்டு வெடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னதைக் கடையில் கேட்டுவிட்டு ஓடிவந்து உமக்குச் சொன்னேன். நீர் போய்த் தட்டத்தை எட்டிப் பார்த்தீர். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றீர். அந்த மாதப் போத்தலை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக நிரப்பினீர். அது எனக்கு நல்ல ஞாபகம்.

தை பிறந்து நெல்லு வெட்டு முடிய முதலே நெஞ்சுவருத்தத்தில் போய்விட்டீர்.

மாதம் முடிந்தது. போத்தல் நிறைந்திருந்தது, தாள் வெறுமையாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்து அழுதேன் என்று சொன்னால் கடைக்காரர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்றைக்கு முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் ரோசலின் வந்தா. நான் எழுதித் தாறன் அண்ணை என்றா. எனக்கு மனமில்லை. உமக்குப் பிறகு அந்தத் தாளில் வேறொருவர் எழுதுவதா?

"அப்ப நீங்களே எழுதுங்கோவன். அக்கா எழுதின கொப்பி இருக்கெல்லே? அதுக்கு மேலாலை பென்சிலை ஓட்டுங்கோ. கை தானாப் பழகும்" என்றா.

ஓட்டினேன். நீர் எழுதின எழுத்துக்கு மேலேயே எழுதினேன். நீர் போன வழியாலேயே போனேன். வளைவில் வளைந்தேன், நீர் பென்சிலை எடுத்த இடத்தில் எடுத்தேன். ரோசலின் கருவாட்டோடு வரும்போதெல்லாம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கொள்வேன். என்னுடைய எழுத்தெல்லாம் வயிற்றுக்குத்து வந்தவன் மாதிரிக் குனிந்து நிற்கிறது என்பா.

ஒரு நாள் அவாவிடம் கேட்டேன், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில் ஒரே சொல் வருகிறதே, அது என்ன என்று. அவா பார்த்தா. கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னா.

"அது நீங்கள்தான் அண்ணை. வல்லிபுரம்."

நான் முதன்முதலில் வாசித்த சொல் அது. நாற்பது வருடத்தில் ஒரு தரமும் உமது வாயிலிருந்து நான் கேட்காத சொல். மூன்று வருடம் மாதம் தவறாமல் எழுதி வைத்திருந்தீர். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்துதானே எழுதினீர்? நான் ஏன் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை?

இனி அந்தக் கெட்ட கதை. இந்த மாரித் தொடக்கத்தில் கொழும்பு அதிகாரி மறுபடி வந்தார். நான் ஸ்டேஷனில் போத்தலைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே வந்து இருந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். சீனா வெடித்த அந்த மாதம் மற்ற இடத்துப் போத்தல்களெல்லாம் சொல்லிவிட்டனவாம். எங்கள் போத்தல் அனேகமாக ஒன்றுமே சொல்லவில்லையாம். அதற்கு முந்தியவையும் அப்படித்தானாம்.

"மழைத்தண்ணியோ, கிணத்துத் தண்ணியோ எண்டு மேலை கேக்கினம், ஐயா" என்றார்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். தேத்தண்ணிக் கடைக்குக் காது பெரிது. பின்னால் வாங்கில் குந்தியிருந்த ஒருவன், "வல்லிபுரத்தாற்றை கிணத்திலை சீனாக்காரன் குண்டு போடேல்லைப் போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவன், அப்போது போத்தல் நிரப்பினது பெண்சாதிதானே, அவா பஞ்சிப்பட்டு, சோம்பலில் கிணற்றுத் தண்ணீரை விட்டிருப்பா என்றான்.

என்னைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். உம்மைச் சொன்னார்கள். மறுத்துச் சொல்ல நீர் இல்லை. அந்த வேலையை நிறுத்தினால் நிறுத்தட்டும், ஆனால் கள்ளப் போத்தல் அனுப்பியவள் என்ற பெயர் உமக்கு நிற்கலாமா?

"ஐயா, வீட்டை வந்து என்ரை கண்ணுக்கு முன்னாலை பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

குசினி வாசலில் கதிரை போட்டு இருத்தினேன். முதல்நாள் நல்ல மழை. தட்டத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தேன். போத்தலை வைத்தேன். ஆணியில் தொங்கிய உமது துணியை எடுத்தேன். பழைய நீலக்கரைச் சேலையில் கிழித்த துண்டு. சவர்க்காரம் பட்டால் தண்ணீர் மணக்கும் என்று நீர் ஒரு நாளும் தோய்க்காமல் உதறி நிழலில் காயவிட்ட துணி. இரண்டாக மடித்துப் போத்தல் வாயில் வைத்து ஊற்றத் தொடங்கினேன்.

அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன செய்யிறியள்?"

"வடிக்கிறன்."

"ஏன்?"

அவர் அப்படிக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒரு மனுசனுக்குக் குடுக்கிற தண்ணியை வடியாமல் குடுக்கலாமோ, ஐயா? எறும்பு கிடக்கும், தூசி கிடக்கும்."

"அம்மாவும் இப்பிடித்தானோ?"

"ஓம். அந்தச் சீனா மாதம் ரெண்டு தரம் வடிச்சவா. முக்கியமான தண்ணியெண்டு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அன்னமுத்து, சேதி முக்கால்வாசி தூசியில்தானாம்! குண்டின் தூசி ஆகாயத்தில் ஏறி, காற்றோடு வந்து, மழையோடு விழுகிறதாம். சொல்லப்போவது தண்ணீர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தூசி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? தானும் சொல்லவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார்.

ஜீப்பிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். குண்டின் தூசி கிட்ட இருந்தால் சத்தம் போடுமாம். சும்மா வைத்தபோது, பல்லி சொல்வதுபோல் எப்போதாவது ஒரு தரம் டிக் என்றது. துணிக்குக் கிட்டக் கொண்டுபோனார். தகரக் கூரையில் முதல் மழை விழுவதுபோல் சத்தம் வந்தது. நீர் பிடித்த மழையெல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது.

ஒன்று கேட்டேன். இந்தத் தூசிதான் உமது நெஞ்சுக்கு ஏதும் செய்ததோ என்று. இல்லை, இந்த அளவு ஒருவருக்கும் ஒன்றும் செய்யாது என்றார். நல்ல மனிதர், நம்புகிறேன். ஆனால் பதில் சொல்ல முதல் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தாரே, அது ஏன்?

பிறகு அவர் துணியைக் கேட்டார்.

உமது உடுப்பெல்லாம் முப்பத்தோராம் நாள் சடங்கோடு கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். பாதி போதாதோ என்று கேட்டேன். எந்த மடிப்பில் எது இருக்கிறதென்று தெரியாது, முழுதும் வேண்டும் என்றார். வற்புறுத்தவில்லை. கொடுத்தால் உமது பெயர் சுத்தமாகும், துணி போய்விடும். வைத்திருந்தால் துணி இருக்கும், கடைக் கதையும் இருக்கும். நீர் என்றால் என்ன செய்திருப்பீர்? கேட்டிருந்தால், இதுக்குப் போய் இவ்வளவு நேரமோ என்றுதான் சொல்லியிருப்பீர்.

கொடுத்தேன். தாளை மட்டும் நான்தான் எழுதுவேன் என்றேன். ஜீப்பை நிற்பாட்டிவிட்டு அவர் காத்திருந்தார். மழை வடித்த துணி என்று எழுதி, பெயர் எழுதும் இடத்தில் அன்னமுத்து என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல்தரம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது அம்மான்ரை கையெழுத்தெல்லே?"

"இல்லை ஐயா, நான்தான்" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று உமக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

போன கிழமை கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நானே வாசித்தேன், இரண்டு நாள் எடுத்தது. துணியில் எல்லாம் இருந்ததாம். அந்த மாரியில் வந்த சீனத்துத் தூசியும் அதில் இருந்ததாம். போத்தல் நிரப்பினவர் நேர்மையாகத்தான் நிரப்பியிருக்கிறார் என்று ஒரு வரி. அந்த வரியைக் கடைக்குக் கொண்டுபோய், விரல் வைத்து, உரத்து வாசித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கிணற்றுப் பகிடி சொன்னவன் எழும்பிப்போய் எனக்கொரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். சீனி கூடப் போட்டு.

கடைசி வரியை மட்டும் நான் அங்கே வாசிக்கவில்லை. அளப்பதற்காகத் துணியை எரித்துச் சாம்பலாக்க வேண்டியிருந்ததாம், மன்னிக்கவேண்டுமாம். உம்மைக் கீரிமலைக் கடலில் கரைத்தேன். உமது துணியின் சாம்பல் கொழும்பில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. நான் எழுதின தாளைத்தான் அதில் ஒட்டியிருக்கிறார்களாம்.

நேற்றும் மழை. தட்டத்தில் ஒரு வேப்பமிலை, இரண்டு எறும்பு. அப்படியே ஊற்றினேன். எனக்குக் கூசியது, உமக்கும் கூசும் என்று தெரியும். என்ன செய்வது, அவர்களுக்கு அப்படித்தான் வேண்டுமாம். போத்தலின் வெளிப்பக்கத்தை மட்டும் நன்றாகத் துடைத்தேன்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கொழும்புக்குப் போகும் மழையை இனி வடிக்கமாட்டேன். வீட்டுக்கு வருகிறவருக்குக் கொடுக்கும் தண்ணீரை வடியாமல் கொடுக்கமாட்டேன். என் கை ஓடும் மட்டும் மாதாமாதம் தாளில் இரண்டு பெயர் எழுதுவேன், முதலில் உமது பெயர்.

நீர் வாயால் சொல்லாமல் கையால் எழுதிவைத்த
உமது கணவன்,
வல்லிபுரம்